ஞாயிற்றுக்கிழமைக் கறியைத் தொடாமல்

புரட்டாசி பிறந்தால் சென்னையில் பாதி வீடுகளில் கறி வாசனை நின்றுவிடும். காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கரையும், கறிக்கோழி விலை இறங்கும், வழக்கமாக மூன்று அண்டா இறக்குகிற பிரியாணிக் கடை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும். ஒரு மாதம் கறி இல்லாமல் இருக்க நம்மால் முடியும் என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஐப்பசியின் முதல் ஞாயிறு வந்ததும் விட்டதையெல்லாம் வட்டியோடு பிடித்துவிடுகிறோம், பின்னாலேயே தீபாவளி வேறு. அதனால், கறியைக் குறைக்க வேண்டும் என்று எனக்கு வந்தபோது, 'ஒரேயடியாக விட்டுவிடுகிறேன்' என்ற பேச்சையே எடுக்கவில்லை. வருஷம் பூராவும் தாக்குப்பிடிக்கிற மாதிரி ஒரு வழி வேண்டியிருந்தது.

வீடு பெரம்பூரில். அம்மா ஆரணிப் பக்கம். வெள்ளி, சனி, அமாவாசை, கிருத்திகை போக மற்ற நாட்களில் கறியோ மீனோ முட்டையோ சமைக்கத் தயங்காத குடும்பம். கால் கட்டைவிரல் மூட்டு ஒரு நாள் இரவு வீங்கிச் சிவந்து, போர்வை பட்டால்கூட உயிர் போகிற மாதிரி வலித்தது. ரத்தப் பரிசோதனையில் யூரிக் ஆசிட் எல்லை தாண்டியிருந்தது, கூடவே கெட்ட கொழுப்பும். டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "கறியைக் குறைங்க, பீரை விடுங்க, நடங்க" என்றார். நம் ஊர் டாக்டர்கள் எல்லோரும் சொல்வதுதான். எப்படிக் குறைப்பது என்று சொல்ல அவருக்கு நேரமில்லை. வெளியே நாற்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள்.

சரி, முதலில் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று பார்க்கலாமே என்று ஒரு வாரம் கறி சாப்பிட்ட வேளைகளையெல்லாம் போனில் குறித்துவைத்தேன். வீட்டில் ஞாயிறு மட்டன், புதன் மீன் அல்லது கோழி. அவ்வளவுதான் என்று அம்மா சத்தியம் செய்வார், அது உண்மையும்கூட. பட்டியலை நீளமாக்கியது வெளிச் சாப்பாடுதான். ஆபீஸ் கேன்டீனில் சப்பாத்தியோடு தருகிற சிக்கன் கிரேவி, யாரோ வேலையை விட்டுப் போகிறார் என்று வரவழைத்த பக்கெட் பிரியாணி, சாயங்காலம் டீக்கடைப் பக்கத்துத் தள்ளுவண்டியில் ஒரு பிளேட் சிக்கன் பக்கோடா, மகன் பாதி தின்றுவிட்டு நீட்டிய ஷவர்மா, மழை என்பதால் சாப்பாட்டு ஆப்பில் ஆர்டர் போட்ட கிரில் சிக்கன். வாரக் கடைசியில் அந்தப் பட்டியலைப் படித்தபோது, இதில் எதன் ருசியும் எனக்கு ஞாபகமில்லை. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் மிளகு கொஞ்சம் தூக்கலாக இருந்தது நினைவிருந்தது. செவ்வாய்க்கிழமை கேன்டீன் சிக்கன் எப்படி இருந்தது என்று கேட்டால் ஒன்றும் சொல்ல வரவில்லை.

எனக்குக் கிடைத்த வழி அந்தப் பட்டியலில்தான் இருந்தது. நினைவில் நிற்காத கறியை முதலில் விடுவது, ஞாயிற்றுக்கிழமையில் கை வைக்காமல் இருப்பது. கறியை விடப் பார்த்து இரண்டு வாரத்தில் பழையபடி ஆனவர்களில் நான் பார்த்தவரை பெரும்பாலானோர் ஞாயிற்றுக்கிழமையில்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்கிற ஒரே வேளையில், எல்லோரும் காத்திருந்த குழம்பை ஒதுக்கிவிட்டு ரசம் சாதம் பிசைந்தால் அது ஒரு தண்டனை மாதிரி ஆகிவிடும். அதைவிட, புதன்கிழமை மதியம் கேன்டீனில் சிக்கனுக்குப் பதில் இரண்டு அவித்த முட்டையும் கூட்டும் வாங்குவதில் எந்தத் தியாகமும் இல்லை.

இதற்குச் சில சின்ன ஏற்பாடுகள் போதும். ஆப்பைப் போனின் முதல் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். சாயங்காலம் ஐந்து மணிப் பசிக்கு வறுத்த வேர்க்கடலை மேஜை டிராயரில் இருக்கிறது. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் அளவு, ஏழெட்டு கிராம் புரதம் தந்துவிடும். அந்தப் பசி அடங்கினால் தள்ளுவண்டி கண்ணில் படுவதில்லை. ஆபீஸ் விருந்தென்றால் பிரியாணி சாப்பிடுகிறேன், கூட வருகிற சிக்கன் 65-ஐ மட்டும் பக்கத்து இலைக்குத் தள்ளிவிடுகிறேன். வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் போனதே கிடையாது.

அப்புறம் வீட்டுக் கறிக்கு வருவோம். என் ஆயா காலத்தில் ஒன்பது பேர் இருந்த வீட்டுக்கு அரைக்கிலோ கறிதான் வரும். அதில் உருளைக்கிழங்கோ முருங்கைக்காயோ கத்திரிக்காயோ சேரும். கறி என்பது குழம்புக்கு ருசி ஏற்றுகிற பொருள். தட்டை நிரப்பும் பொருளாக அது பிற்பாடுதான் ஆனது. இப்போது நான்கு பேருக்கு ஒரு கிலோ வாங்குகிறோம். யோசித்துப் பார்த்தால் கறியைச் சிக்கனமாகப் புழங்குவதற்கென்றே நம் சமையலில் எத்தனையோ வகை இருக்கிறது. பாய் வீட்டுக் கல்யாணங்களில் பிரியாணிக்குப் பக்கத்தில் ஊற்றுகிற தால்ச்சாவில் கடலைப்பருப்பும் கத்திரிக்காயும்தான் முக்கால்வாசி, எலும்பு வாசனைக்கு. கோலா உருண்டையில் கொத்துக்கறியோடு பொட்டுக்கடலை மாவு சேராமல் உருண்டையே பிடிக்காது. கருவாட்டுக் குழம்பைக் கேட்கவே வேண்டாம், நான்கு துண்டு கருவாடும் கால் கிலோ கத்திரிக்காயும் ஒரு பிடி மொச்சையும் இருந்தால் பானைச் சோறு காலி. வெளிநாட்டு வீடியோக்களில் 'குறைந்த கறி சமையல்' என்று புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி சொல்வதைப் பார்க்கும்போது சிரிப்பு வருகிறது.

ஆக ஒரு கிலோ அரைக்கிலோ ஆனது. கடைக்கார பாய்தான் முதலில் கவனித்தார்.

"என்னா சார், வீட்ல ஆள் கொறஞ்சிட்டாங்களா?"

"ஆள் அதே ஆள்தான் பாய். கறியைத்தான் கொறைச்சிருக்கோம். டாக்டர் சொல்லிட்டாரு."

"அப்ப தனிக்கறி கேக்காதீங்க. நெஞ்செலும்பும் கழுத்தும் கலந்து போடறேன். அரைக்கிலோக் கொழம்புல எலும்புதான் பேசணும்."

அவர் சொன்னது சரி. தனிக்கறி அரைக்கிலோ போட்டால் குழம்பு தண்ணீராகத் தெரியும். எலும்போடு வாங்கி, குக்கரில் அவசரப்படாமல் வேகவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே குழம்பு கூட்டினால் துண்டு குறைந்தது நாக்குக்குத் தெரியாது. கிலோ ஆயிரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிற மட்டன் விலையில் மாதம் மிச்சமாவது தனி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், ஆண்கள் எழுதும்போது இது விட்டுப்போகிறது. கறியைக் குறைக்கிறோம் என்றால் யார் தட்டில் குறைக்கிறோம்? அரைக்கிலோ வந்த முதல் ஞாயிறு, நானும் மகனும் சாப்பிட்டு எழுந்த பிறகு என் மனைவிக்கு மிஞ்சியது இரண்டு எலும்பும் உருளைக்கிழங்கும். 'எனக்குக் குழம்பே போதும்' என்றார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. குறைக்க வேண்டியது எனக்கு, ஆட்டு ஈரல் கொஞ்சம் கூடுதலாகவே சாப்பிட வேண்டியது அவருக்கு. அடுத்த வாரத்திலிருந்து கறியைச் சட்டியிலிருந்து நேரே பரிமாறுவதில்லை. துண்டுகளை நான்கு கிண்ணத்தில் முதலிலேயே பிரித்துவைத்துவிடுகிறோம். கறியில்லாத நாட்களில் இரும்புச்சத்துக்கு முருங்கைக்கீரையும் பயறும் உண்டு, ஆனால் கறியில் இருக்கிற இரும்பைப் போல அது எளிதில் உடம்பில் சேராது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் சேரும், சாப்பிட்ட கையோடு டீயோ காபியோ குடித்தால் தடைபடும். கும்பகோணம் டிகிரி காபிக்கு முக்கால் மணி நேரம் தள்ளிப்போட்டு டைம் கொடுத்தது வீட்டில் பெரிய போராட்டம்.

கறி காலி செய்த இடத்தில் எது வந்து உட்காரும் என்பதைப் பற்றி எல்லாவற்றையும்விட அதிகமாக யோசிக்க வேண்டும். சென்னையில் அந்த இடத்துக்கு வரிசையில் முதலில் நிற்பது வெள்ளைச் சோறு. அதற்குப் பின்னால் உருளைக்கிழங்கு பொரியல், அப்பளம், பஜ்ஜி. எங்கள் ஆபீஸில் ஒருவர் முழுச் சைவத்துக்கு மாறினார். கறி போன இடத்தில் இன்னொரு கரண்டி சாதமும் வாழைக்காய்ச் சிப்ஸும் வந்தன. ஒரே வருஷத்தில் சர்க்கரை அளவு எகிறியது. அவர் விதிவிலக்கு இல்லை. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்திய நாடளாவிய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் என்றது அது. நாம் சாப்பிடுகிற கலோரியில் அறுபது சதவீதத்துக்கும் மேல் மாவுச்சத்துதான். அதைக் கூட்டுவதற்காகக் கறியைக் குறைத்தால் ஒரு நோயை விட்டு இன்னொன்றைப் பிடித்த கதைதான்.

பன்னீரும் எனக்கு விடையாகத் தெரியவில்லை. சைவம் என்றதும் ஹோட்டலில் பன்னீர் பட்டர் மசாலாவைத்தான் நீட்டுகிறார்கள். ஒரு கிலோ பன்னீருக்கு ஐந்தாறு லிட்டர் பால் வேண்டும், கொழுப்பும் அதற்கேற்ற மாதிரி. எப்போதாவது என்றால் சரி.

விடை பயறுதான். மொச்சை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, கறுப்புக் கொண்டைக்கடலை, கொள்ளு. எதை எடுத்தாலும் காய்ந்த பயறு 100 கிராமில் 20 கிராமை ஒட்டிப் புரதம். மீல்மேக்கரில் 50 கிராமுக்கு மேல். ஆனால் 'சுண்டல் சாப்பிடுங்கள்' என்று சொன்னால் யாரும் கறியை விட்டு வரமாட்டார்கள். கறிக்கு அடிமையானவன் என்று சொல்லிக்கொள்கிற நம்மில் பலரும் உண்மையில் ஏங்குவது அந்த மசாலாவுக்குத்தான். சோம்பும் பட்டையும் கிராம்பும் கசகசாவும் தேங்காயும், எண்ணெயில் சிவந்த சின்ன வெங்காயமும். அதைப் பயறுக்குக் கொடுத்தால் வேலை முடிந்தது.

எங்கள் ஆரணிப் பக்கத்தில் இதற்கு ஒரு பதார்த்தமே இருக்கிறது, பிதுக்குப் பருப்புக் குழம்பு. மார்கழியிலிருந்து மாசி வரை பச்சை மொச்சை கோயம்பேட்டிலும் பெரம்பூர் மார்க்கெட்டிலும் குவிந்துகிடக்கும். உரித்த மொச்சையை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் உப்பி வழவழவென்று ஆகிவிடும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, மொச்சையின் மூக்குப் பக்கமாக ஓர் அழுத்து. பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே பாயும். பழக்கமில்லாதவர் பிதுக்கினால் எதிரில் இருப்பவர் கண்ணில் அடிக்கும். ஒரு கிலோவைப் பிதுக்க நான்கு பேர் டிவி முன்னால் உட்கார வேண்டும். விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போய், பச்சை வாசனை சோப்புப் போட்டாலும் போகாது. தோல் போன பருப்பு சீக்கிரம் வெந்துவிடும், குக்கர் தேவையில்லை. தனியா, மிளகாய், சோம்பு, தேங்காய் அரைத்துவிட்டு, மசாலா பச்சை வாசனை போய் எண்ணெய் ஓரத்தில் பிரிந்த பிறகு பருப்பைச் சேர்த்து, இரண்டு கத்திரிக்காயை நான்காக வெட்டிப் போட்டால், இட்லிக்குக் கறிக்குழம்பு கேட்கிற என் மகன்கூட இரண்டாவது தடவை ஊற்றிக்கொள்கிறான். வாயில் பருப்பு வெண்ணெயாகக் கரையும்.

மற்ற மாதங்களில் காய்ந்த மொச்சையோ கறுப்புக் கொண்டைக்கடலையோ. இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. பயறை உப்புப் போட்டுத் தனியாகக் குழைய வேகவைக்க வேண்டும், முக்கால் வேக்காட்டில் குழம்பில் போட்டால் கடைசிவரை கல்லாகவே இருக்கும். குழம்பு இறக்கிய பிறகு ஒரு மணி நேரமாவது அப்படியே கிடக்கட்டும், பயறு மெதுவாகத்தான் காரம் வாங்கும். மீல்மேக்கர் பிடிக்காது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கொதிநீரில் உப்புப் போட்டு ஊறவைத்து, பிழிந்து, மறுபடி பச்சைத்தண்ணீரில் அலசிப் பிழிந்தால் அந்த மாவு வாடை போய்விடும். பிறகு கையால் பிய்த்து இரும்புச் சட்டியில் மிளகும் சோம்பும் கறிவேப்பிலையும் போட்டுச் சுருளச் சுருள வதக்க வேண்டும். கத்தியால் வெட்டினால் மசாலா ஒட்டாது. வாயு பிரச்சினை என்று அம்மா முதல் மாதம் புலம்பினார். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைப்பது, இஞ்சியும் பெருங்காயமும் சேர்ப்பது, எடுத்த எடுப்பில் தினமும் சாப்பிடாமல் வாரத்துக்கு இரண்டு நாளில் ஆரம்பிப்பது என்று போனதில் சரியாகிவிட்டது.

யூரிக் ஆசிட் என்றதும் பார்ப்பவரெல்லாம் சொன்னது, "பருப்பு, பயறு, கீரை, காளான் எதையும் தொடாதே" என்று. கறியும் வேண்டாம், பருப்பும் வேண்டாம் என்றால் மிச்சம் சோறும் ரசமும்தான். அமெரிக்காவில் 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2004-ல் வெளிவந்தது. கறியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு, யூரிக் ஆசிட்டால் மூட்டு வீங்குகிற 'கவுட்' என்ற கீல்வாதம் அதிகம் வந்தது. உடம்பில் யூரிக் ஆசிட்டாக மாறுகிற பியூரின் நிறைந்த காய்களும் பயறும் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து கூடவில்லை. கொழுப்புக் குறைந்த பால், தயிர் எடுத்தவர்களுக்குக் குறைந்தது. என் டாக்டரிடம் கேட்டேன், பயறு சாப்பிடலாம் என்றார். உங்கள் டாக்டரிடம் நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்குக் கணக்கே வேறு.

புற்றுநோய் பற்றிய பேச்சும் அடிக்கடி காதில் விழுகிறது, அதையும் அளவோடு சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் சாசேஜ், சலாமி, ஹாம் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவிலும், ஆடு, மாடு, பன்றி போன்ற சிவப்பு இறைச்சியை 'உண்டாக்கக்கூடும்' என்ற அடுத்த பிரிவிலும் வைத்தது. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறதாம். பதப்படுத்தாத கோழியும் மீனும் இந்தப் பட்டியலில் இல்லை. மகனுடைய பிரிட்ஜ் சாசேஜ் பாக்கெட்டை நிறுத்த எனக்கு இது போதுமானதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பைப் பார்த்துப் பயப்படுவதற்கு இது போதாது.

சுற்றுச்சூழல் எனக்குப் பின்னால் வந்து சேர்ந்த காரணம். 2015 வெள்ளத்தில் பெரம்பூரில் படகு ஓடியதைப் பார்த்தவன், 2019-ல் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தவன், 2023 மிக்ஜாமில் மறுபடியும் முழங்கால் தண்ணீரில் நின்றவன். பருவநிலை மாற்றம் என்பது எங்கோ பனிக்கரடிக்கு நடப்பதில்லை என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆடு, மாடு அசைபோடும்போது வெளியேறுகிற மீத்தேன், தீவனப் பயிர், அதற்காக அழிகிற காடு எல்லாம் சேர்த்து, மனிதர்களால் உண்டாகும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பிலிருந்து வருவதாக ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு 2013-ல் கணக்கிட்டது. 2018-ல் பூர், நெமெசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் விவரங்களைத் திரட்டினார்கள். 100 கிராம் புரதத்துக்கு உலகச் சராசரியாக இறைச்சிக்கென வளர்க்கும் மாட்டில் 50 கிலோ அளவுக்கும், ஆட்டில் 20 கிலோ அளவுக்கும் கரிம வாயுவுக்குச் சமமான பசுங்குடில் வாயு வெளியாகிறது. கோழியில் சுமார் 6, முட்டையில் 4, பயறில் ஒன்றுக்கும் கீழே. சீஸ் 11, அதாவது கோழியைவிட அதிகம். பன்னீர் பக்தர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இந்த எண்களை அப்படியே நம் ஊருக்குத் தூக்கி வைக்கவும் முடியாது. நம் ஆடு அறுவடை முடிந்த காட்டிலும் புறம்போக்கிலும் மேய்ந்து வளர்வது, அதற்காக யாரும் அமேசானை வெட்டவில்லை. பல்லடம், நாமக்கல் பக்கத்துக் கறிக்கோழிதான் மக்காச்சோளமும் சோயாவும் தின்று வளர்கிறது. இந்தியாவில் ஆள் ஒருவர் தின்கிற கறியே உலகச் சராசரியில் சின்னப் பங்குதான். நெல் வயலும் மீத்தேன் விடுகிறது என்பதால் கறிக்குப் பதில் சோறு என்பது இந்தக் கணக்கிலும் உதவாது. நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான். மட்டனிலிருந்து கோழிக்கும் முட்டைக்கும் இறங்கினாலே பெரிய வித்தியாசம், அங்கிருந்து பயறுக்கு இறங்கினால் இன்னும். எல்லோரும் முழுச் சைவமானால்தான் உலகம் பிழைக்கும் என்று எவனும் நிரூபிக்கவில்லை.

மீனில் ஒரு வேடிக்கை நடந்தது. கடலுக்கு நல்லது மத்தி, நெத்திலி மாதிரிச் சின்ன மீன்கள் என்று படித்து வஞ்சிரத்தை விட்டு அதற்குப் போகலாம் என்று பார்த்தால், யூரிக் ஆசிட்காரன் தொடக் கூடாத மீன்களில் முதலில் நிற்பவை அந்த இரண்டும்தான். ஆகவே வீட்டில் மற்ற மூவருக்கும் மத்தி, எனக்கு எப்போதாவது சங்கரா ஒரு துண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கிற அந்த 61 நாட்களில் மீன் விலையும் ஏறும், பழைய மீன் ஐஸில் கிடந்து வரும் பயமும் இருக்கும். அப்போது கருவாட்டுக்கும் பயறுக்கும் மாறிவிடுவது பர்சுக்கும் நல்லது.

நான் கறியைக் குறைத்தது தெரிந்ததும் ஆபீஸில் ஒருவர் தோளைத் தட்டி, "பரவாயில்லையே சார், நல்ல பழக்கத்துக்கு வந்துட்டீங்க" என்றார். அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. கல்யாணமான புதிதில் மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் வீடு தேடி அலைந்தபோது, வாடகை பேசி முடித்து முன்பணம் கொடுக்கிற நேரத்தில் "நீங்க நான்வெஜ்ஜா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தியவர்கள் உண்டு. கேள்வி கறியைப் பற்றியது இல்லை என்பது கேட்டவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கறியோ மீனோ சாப்பிடுகிறவர்கள். வடசென்னையில் மாட்டுக்கறி பல வீடுகளுக்கு வாங்கக்கூடிய விலையில் கிடைக்கிற நல்ல புரதம். அரசுப் பள்ளிச் சத்துணவில் பிள்ளைகளுக்கு வாரம் 5 முட்டை போடுகிறார்கள், அதில் ஒன்றைக்கூட யாரும் குறைக்கச் சொல்லக் கூடாது. குறைக்க வேண்டியது என்னைப் போல ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, பசி இல்லாமலே ஆப்பைத் திறக்கிறவர்கள். சுத்தம், புனிதம் என்ற பேச்சோடு இதைச் சேர்க்கிறவர்களிடம் நான் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

சத்து விஷயத்தில் அம்மாவுக்கும் மகனுக்கும் தனித்தனி ஏற்பாடு. பி12 வைட்டமின் தாவர உணவில் கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். பால், தயிர், முட்டை, மீன், கறிதான். அம்மா பல வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறார், அந்த மாத்திரையை நீண்ட நாள் எடுத்தால் பி12 உடம்பில் சேர்வது குறையும். அதனால் அவருக்கு மீனையும் முட்டையையும் நாங்கள் குறைக்கவே இல்லை. மகன் ஜிம்முக்குப் போகிறவன். சிக்கனைக் குறைத்தால் தசை கரைந்துவிடும் என்று சண்டைக்கு வந்தான். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. உடற்பயிற்சி செய்பவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்வோம் என்று உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். மூன்று முட்டையில் 18, 50 கிராம் காய்ந்த கொண்டைக்கடலையை ஊறவைத்தால் அதில் 10, மீல்மேக்கர் 50 கிராமில் 25, அப்புறம் தயிர், கடலை, பருப்பு. அவன் வாங்குகிற பவுடர் டப்பா இல்லாமலே கணக்குச் சரியாக வந்தது. டப்பாவை அவன் விடவில்லை, அது வேறு விஷயம். இரவில் பயறு ஊறப்போடுகிற வேலை இப்போது அவனுடையது.

கல்யாணம், காதுகுத்து, பக்கத்து வீட்டு ரம்ஜான் பிரியாணி எதிலும் நான் விரதம் இருப்பதில்லை. கூப்பிட்டவர் மனம் நோகிற மாதிரி இலையில் கையை மறைப்பது எனக்குப் பிடிக்காது. வயிறார சாப்பிட்டுவிட்டு, அடுத்த இரண்டு மூன்று நாள் வீட்டில் பயறும் கீரையுமாகப் போய்விடும்.

கடைசியாக எடுத்த பரிசோதனையில் யூரிக் ஆசிட் எல்லைக்குள் வந்திருந்தது, கெட்ட கொழுப்பும் இறங்கியிருந்தது. நடையும் உண்டு, பீரையும் விட்டேன், எடையும் கொஞ்சம் குறைந்தது, மாத்திரையும் போட்டேன். எல்லாப் புகழையும் கறிக்குறைப்புக்கே கொடுப்பது நியாயமில்லை. டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "நான்வெஜ்ஜை விட்டுட்டீங்களா?" என்றார். கேன்டீனை விட்டுவிட்டேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை, வெளியே டோக்கன் கூட்டம் வேறு. ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். அடுத்த தடவை பி12-ஐயும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று நானாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன்.